கண்ணாயிரம் கடலில் சக்கரம் உருட்டிய வழக்கு

மரக்காணத்தில் பிறந்து மரக்காணத்திலேயே வாழ்ந்துவருபவரும், காலஞ்சென்ற உப்பளக்காரர் முத்துவேலின் மூத்த குமாரரும், தாமும் உப்பளக்காரரும், போர்விமானம் ஓட்டுவதில் அவ்வட்டாரத்தில் நிகரற்றவருமாகிய திருவாளர் மு. கண்ணாயிரம் அவர்களுக்கு, இவ்விவகாரம் தொடங்கிய காலத்தில் வயது அறுபத்தொன்பது நிறைந்து எழுபது நடந்துகொண்டிருந்தது.

எழுபதாவது வயதில் ஒருவர் போர்விமானம் ஓட்டுவது எங்ஙனம் என்று ஐயுறுவோர், மாலை வேளையில் பேருந்து நிலையத்துக்கு எதிரேயுள்ள சரண்யா கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்திருந்தால் கண்ணாரக் கண்டிருக்கலாம். ஆதார் திருத்தம், ஜெராக்ஸ், பட்டா விண்ணப்பம் ஆகிய பொதுநலப் பணிகள் போக எஞ்சிய மூலையில் இரண்டு கம்ப்யூட்டர்களும் இரண்டு ஜாய்ஸ்டிக்குகளும் இருந்தன. ஒன்றின் எதிரே கண்ணாயிரம் அமர்ந்திருப்பார். மற்றொன்றின் எதிரே அவருடைய பால்ய நண்பரும், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநருமான மரியதாஸ் அமர்ந்திருப்பார். இருவரும் ஒரே வானத்தில் பறந்ததில்லை. அதுவே இக்கதைக்கு மூலகாரணம்.

கண்ணாயிரம் ஓட்டிய விளையாட்டில் உலகம் முழுவதும் உண்டு. அதன் ஆங்கிலப் பெயர் எவர் நாவிலும் படியாமையால் அதை 'அகண்டம்' என்றே வழங்கினார்கள். அகண்டத்தில் கிளியனூரில் கிளம்பி வட துருவம் வரையில் குண்டு போட்டுக்கொண்டே போகலாம். தடுப்பார் இல்லை. ஆனால் எந்த ஊரும் அந்த ஊரைப் போல இராது. பிரம்மதேசத்துக் கோயில் இருக்கவேண்டிய இடத்தில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கும். பொம்மையார்பாளையத்தில் பனிமலைக்குரிய ஊசியிலை மரங்கள் அடர்ந்திருக்கும்.

மரியதாஸ் ஓட்டிய விளையாட்டுக்கு 'அச்சு அசல்' என்று பெயர். அதில் உலகம் கிடையாது. பனி கொட்டும் ஏதோ ஒரு வடதேசத் தீவு மட்டும் உண்டு. ஆனால் அந்தத் தீவில் எந்த வீட்டுக் கூரையில் எத்தனை ஓடு உடைந்திருக்கிறது என்பது வரையில் பிழையின்றி இருக்கும். விமானத்தின் ஒவ்வொரு பொத்தானும் உண்மைபோலவே வேலை செய்யும். ஆகவே எஞ்சினைக் கிளப்புவதற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். கிளம்பி, விமானம் ஓடுபாதையில் நகரத் தொடங்குகையில் சென்டர் நடத்தும் சரண்யா வந்து, "அங்கிள், டைம் ஆயிடுச்சு" என்பாள். மரியதாஸ் மனநிறைவோடு எழுந்து போவார். தீவில் குளிர் என்பதால் சித்திரை வெயிலிலும் அவர் குரங்குக் குல்லாய் அணிந்தே விளையாடுவது வழக்கம்.

"ஏம்பா மரியதாசு, என்னிக்காவது பறந்திருக்கியா நீ?" என்று கண்ணாயிரம் கேட்பார்.

"பறக்கறது பெரிசில்லய்யா. முறையா பறக்கணும். உன் வண்டி பொத்தான அமுக்குனா மேல போவுது. அது விமானமா, லிஃப்டா?"

"லிஃப்டாவே இருக்கட்டும். எங்க மேப்புல மரக்காணம் இருக்குது. உங்க மேப்புல இருக்குதா?"

"உங்க மேப்புல இருக்கற மரக்காணத்துல ரயில்வே ஸ்டேஷன் இருக்குது. நீ அதுல டிக்கெட் எடுத்துட்டு வா, நான் ஒத்துக்கறேன்."

இவ்வாறு, உலகம் பெரிதாயிருத்தல் வேண்டுமா, உண்மையாயிருத்தல் வேண்டுமா என்னும் பெருந்தத்துவம், ஜெராக்ஸ் எடுக்க வந்தோர் யாவரும் கேட்கும்படி நாள்தோறும் அலசப்பட்டது.

ஒருநாள் அகண்டத்தின் கம்பெனியார், தத்தம் ஊரின் வான்படத்தை அன்பர்கள் அனுப்பிவைத்தால் அதை அப்படியே சேர்த்துக்கொள்வோம் என்று அறிவித்தார்கள். கண்ணாயிரம் அன்றைக்குச் சவரம் செய்துகொண்டு சென்டருக்கு வந்தார். சரண்யா எங்கிருந்தோ இரண்டு படங்களைத் தேடியெடுத்திருந்தாள். ஒன்று மே மாதத்தில் எடுத்தது. அதில் உப்பளம் முழுவதும் வெள்ளையும் பழுப்புமாய், சுண்ணாம்பு பெயர்ந்த சுவர்போலக் கிடந்தது. மற்றொன்று நவம்பர் மாதத்தில் எடுத்தது. அடைமழையில் பாத்தி, வரப்பு எல்லாம் முழுகி, வானமே கீழே இறங்கிப் படுத்தாற்போல் நீலமாய்ப் பளபளத்தது.

"எத அனுப்பட்டும் சார்?"

"நவம்பர அனுப்பும்மா."

மரியதாஸ் குல்லாயைத் தூக்கிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "யோவ், அதுல உப்பு எங்கய்யா? வெறும் தண்ணிதான் இருக்குது."

"கல்யாண போட்டோவுக்கு எவனாவது அழுக்குச் சட்டையோட நிப்பானா? மேல இருந்து பாக்கறவன் கண்ணுக்கு நல்லா இருக்கணும்பா. உப்பு இருக்கறது நமக்குத் தெரியாதா?"

படம் அனுப்பப்பட்டது. அகண்டத்தில் மரக்காணத்து உப்பளம் நீலமாயிற்று. கண்ணாயிரம் தம் பாத்தியின்மேல் தாழப் பறந்து, தாமே தம் நிழலைத் தண்ணீரில் கண்டு, கண் கலங்கினார்.

நிற்க. அக்காலத்தில் அரசு அலுவலகங்கள் யாவும் முப்பரிமாணத்துக்கு மாறவேண்டும் என்றொரு நாகரிகம் புறப்பட்டிருந்தது. அதுவரையில் அவை நீளம், அகலம் ஆகிய இரு பரிமாணங்களிலேயே இயங்கிவந்தன. ஆழம் இருந்ததில்லை. வரைபட இணக்க அலுவலகம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. அதன் அலுவலர் திரு. தேவநாதன் அவர்கள், வட்டம் முழுமையும் அடங்கிய முப்பரிமாண வரைபடம் எங்கே கிடைக்கும் என்று தேடச் சொன்னதில், அகண்டம் ஒன்றே கிடைத்தது. வேறு எதிலும் வட்டம் முழுமையும் இல்லை. ஆகவே அதுவே அலுவலகத்தின் அதிகாரபூர்வ வரைபடமாக ஏற்கப்பட்டது. திரையின் மூலையில் 'குண்டுகள்: 4' என்று ஓயாமல் மின்னிக்கொண்டிருந்ததைத் தேவநாதன் புறக்கணிக்கவில்லை. அவர் கடமை தவறாதவர். மாதாந்திர அறிக்கையில் கையிருப்பு என்னும் தலைப்பின்கீழ் அதையும் முறையாகக் குறித்து அனுப்பினார். மேலிடத்திலிருந்து, 'ஐந்தாக உயர்த்த முயற்சி மேற்கொள்க' என்று பதில் வந்தது.

உப்பு விளைச்சல் உச்சத்தில் இருந்த வைகாசி மாதத்தில் கண்ணாயிரத்துக்கு ஓர் அறிவிப்பு வந்தது. அதன் வாசகம்: 'தங்கள் அனுபவத்தில் உள்ள மேற்படி இடம் நீர்நிலை என வரைபடத்தால் அறியப்படுவதால், அந்நீர்நிலையில் தாங்கள் குவித்துவைத்துள்ள உப்பு ஆக்கிரமிப்பாகக் கருதப்படுகிறது. உடனடியாக அகற்றப்படாவிடில், மேற்படி உப்பு மேற்படி நீரிலேயே கரைக்கப்படும் என இதனால் தெரிவிக்கலாயிற்று.'

கண்ணாயிரத்தின் மனைவி அருக்காணி அதை இரண்டு முறை படித்தாள். "எந்தத் தண்ணியில கரைப்பாங்களாம்?" என்று கேட்டாள்.

கண்ணாயிரம் வாசலுக்கு வந்து உப்பளத்தைப் பார்த்தார். ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்கள் வரப்போரத்தில் வரிசையாக நின்றன. அவ்வாண்டின் உழைப்பு முழுவதும் அவற்றில் இருந்தது. அவை போனால் குத்தகையும் போகும். நவம்பர் மாதத்துப் படத்தைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்பதை அவர் மனைவியிடம் அன்று சொல்லவில்லை. பின்னாலும் சொல்லவில்லை. மரியதாஸ் சொல்லிவிட்டார்.

தல ஆய்வு செய்யும்படி கண்ணாயிரம் விண்ணப்பித்தார். தேவநாதன் குறித்த நாளில் வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கியபோது அவர் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் அணிந்திருந்தார். பின்னால் வந்த ஓட்டுநர் தோளில் ஒரு மிதவை வளையத்தை மாட்டியிருந்தார். உச்சி வெயிலில் உப்பளம் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தது. சூரியகலா என்னும் தொழிலாளியும் வேறு சிலரும் பாத்திக்குள் நின்று நீண்ட கழிப் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள வாங்க சார். காஞ்சுதான் இருக்குது" என்றார் கண்ணாயிரம்.

"இயலாது. எனக்கு நீச்சல் தெரியாது."

"சார், அதோ அந்தப் பொம்பளைங்கல்லாம் நடக்கறாங்களே."

தேவநாதன் கண்ணுக்குமேல் கைவைத்துப் பார்த்தார். பிறகு குறிப்பேட்டில் எழுதினார். எழுதியதை வாய்விட்டும் படித்தார்: "நீர்நிலையின் மேற்பரப்பில் பணியாளர் சிலர் நடமாடக் காணப்பட்டனர்."

துணைக்கு வந்திருந்த மரியதாஸ், "எங்க சர்ச் ஃபாதர் காதுல விழாம பாத்துக்கங்க சார். ஊரே மனுவோட வந்து நிக்கும்" என்றார்.

"ஐயா" என்று கண்ணாயிரம் மிகப் பணிவாகக் கேட்டார், "கண்ணால பாக்கறீங்கல்ல? காலால மிதிச்சும் பாக்கலாம். அப்பறம் என்னங்க?"

தேவநாதன் இதற்குச் சினம் கொள்ளவில்லை. அறியாதவர்க்கு அறிவுறுத்தும் பொறுமையோடு சொன்னார்: "பெரியவரே, கண் ஆளுக்கு ஆள் வேறுபடும். வரைபடம் அனைவருக்கும் ஒன்று. நிலத்துக்கும் வரைபடத்துக்கும் முரண்பாடு ஏற்பட்டால் நிலம்தான் விளக்கம் அளிக்க வேண்டும். விதி அப்படி."

அருக்காணி சொம்பில் மோர் கொண்டுவந்தாள். "குடிங்க சார். இவ்ளோ தண்ணி தாண்டி வந்திருக்கீங்க" என்றாள். தேவநாதன் மோரை அருந்தி, நன்றி கூறி, வழுக்கிவிடாமல் வரப்பின்மேல் கவனமாக அடியெடுத்துவைத்து ஜீப்பை அடைந்தார். விசாரணை நாள் குறிக்கப்பட்டது. வரைபடத்தைக் கொண்டே நிலத்தைக் கெட்டி என்று மெய்ப்பித்தால் உப்பு தப்பும். இல்லையேல் கரைப்பு.

மாலையில் நண்பர்கள் இருவரும் வரப்போடு நடந்தார்கள். மரியதாஸ் ஆறுதல் கூறும் வகையறியாமல் வழக்கம்போல் திட்டினார்.

"நான் அப்பவே சொன்னேன். அது ஒரு கேமா? எங்க தீவுல தண்ணியில இறங்குனா வண்டி குமிழி விட்டு முழுகும். உன்து வெறும் பெயிண்ட்டு. நீலத்த பூசி வச்சிருக்கான். உன் அகண்டத்துல வங்காள விரிகுடாவுலயே லாரி ஓட்டலாம்."

கண்ணாயிரம் நின்றுவிட்டார்.

"திரும்பச் சொல்லு."

"என்னத்த?"

"இப்ப திட்டுனியே, அத."

"முழுகாதுய்யா. அவனுக்குத் தண்ணின்னா என்னன்னே தெரியாது. தார் ரோடு மாதிரி உருளும்."

அது உண்மை. கண்ணாயிரம் அதைப் பல மாதங்களாக அறிவார். ஒருமுறை கடலில் விழுந்த தம் விமானம் முழுகாமல் ஜம்மென்று உருண்டோடியதைக் கண்டு, பக்கத்துத் திரையில் இருந்த மரியதாஸ் பார்ப்பதற்குள் அவசரமாக அணைத்திருக்கிறார். தம் அகண்டத்தின் மானத்தைக் காக்க அவர் மறைத்துவந்த ஒரே இரகசியம் அது. இப்போது அதை ஊர் முன்னிலையில், அதுவும் மரியதாஸின் சாட்சியத்தோடு, தாமே மெய்ப்பித்தாக வேண்டும். உப்பா, மானமா என்று அவர் அன்று உண்ணாமல் யோசித்தார். அருக்காணி, "மானத்தக் குவிச்சி வச்சி ஓலை போட்டு மூட முடியுமா?" என்று கேட்டாள். முடிவு எடுக்கப்பட்டது.

விசாரணை, முப்பரிமாண வசதி கருதி, சரண்யா கம்ப்யூட்டர் சென்டரில் நடைபெற்றது. அன்றைக்கு ஜெராக்ஸ் கிடையாது என்று வாசலில் அட்டை தொங்கியது. தேவநாதன் நடுவில் அமர்ந்தார். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாயிரம் விமானத்தைக் கிளப்பி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, தம் சொந்தப் பாத்தியின் நீலத்தை நோக்கி இறக்கினார். கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது. சக்கரம் நீலத்தில் பட்டது. விமானம் முழுகவில்லை. தண்ணீர் தெறிக்கவும் இல்லை. திண்டிவனம் சாலையில் பேருந்து போவதைப்போல உருண்டு போயிற்று.

தேவநாதன் மரியதாஸை நோக்கினார். "சாட்சி கூறுக. சக்கரம் உருள்கிறதா?"

"உருளுது சார்."

"முப்பது ஆண்டு பேருந்து ஓட்டியவர் என்கிறார்கள். தண்ணீரில் சக்கரம் உருளுமா?"

"உருளாது சார். ஆனா இந்த கேம்ல மட்டும் என்னான்னா..."

"கேட்டதற்கு மட்டும் பதில். உருளாது. ஆகவே இது தண்ணீர் அன்று. கெட்டி நிலம்."

கைதட்டல் எழுந்தது. சூரியகலா விசில் அடித்ததாகவும் சொல்கிறார்கள். கண்ணாயிரம் ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுக்கப் போனார்.

"நிறுத்தாதீர்கள்" என்றார் தேவநாதன். அவர் முகத்தில் ஒரு புதிய ஒளி தோன்றியிருந்தது. ஆய்வு என்பது எத்துணை எளிது என்பதை அவர் அப்போதுதான் உணர்ந்தார். "எதுவரை உருள்கிறது, பார்த்துவிடுவோம். மறுபடியும் எவர் வந்து கேட்பது?"

விமானம் கிழக்கே உருண்டது. உப்பளத்தையும் அதை ஒட்டிய குடியிருப்பையும் கடந்தது, பக்கிங்காம் கால்வாயைக் கடந்தது, சவுக்குத் தோப்பினூடே மரத்தில் மோதாமலே புகுந்து சென்று மணலைக் கடந்தது, கடலில் ஏறியது. கடலிலும் உருண்டது. எரிபொருள் தீரும் வரையில் உருண்டது. தேவநாதன் எழுதிக்கொண்டே இருந்தார்.

மறுவாரம் ஆணை வந்தது. கண்ணாயிரத்தின் உப்பு ஆக்கிரமிப்பன்று என்று அறிவிக்கப்பட்டது. அத்துடன், மேற்படி உப்பளம், அதன் அக்கம்பக்கக் குடியிருப்புகள், கால்வாய், கடற்கரை, வங்காள விரிகுடாவின் மேற்குப் பகுதி ஆகிய அனைத்தும், நீர் தேங்குவதற்கு இயலாத கெட்டி நிலம் என வகைப்படுத்தப்பட்டன. குப்பத்து மீனவர்களுக்கு, அவர்தம் படகுகள் நிலத்தில் இயங்கும் ஊர்திகள் ஆகிவிட்டமையால் தலைக்கவசம் கட்டாயம் என்று சுற்றறிக்கை போயிற்று. அவர்கள் அதைப் படித்துச் சிரித்து, மீன் மடிக்கக் கொடுத்துவிட்டார்கள். ஊரே சிரித்தது. கண்ணாயிரத்துக்குப் பேருந்து நிலையத்தில் மாலை போட்டார்கள். ஆணையை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

ஐப்பசி பிறந்தது. கார்த்திகையில், வழக்கத்துக்கு மாறான ஒரு மழை பெய்தது. உப்பளமும் கால்வாயும் ஒன்றாயின. பின்பு கால்வாயும் தெருக்களும் ஒன்றாயின. சூரியகலாவின் வீடு ஜன்னல் வரையில் முழுகியது. உப்பளத்தை ஒட்டிய குடியிருப்பில் இருந்தவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினார்கள்.

தேவநாதன் பார்வையிட வந்தார். இம்முறை அவர் லைஃப் ஜாக்கெட் அணியவில்லை. புதிய தோல் செருப்பு அணிந்திருந்தார். கெட்டி நிலத்துக்கு அது போதும். ஜீப்பிலிருந்து இறங்கி நேரே நடந்தார். முழங்கால், இடுப்பு, மார்பு என்று தண்ணீர் ஏறியது. கோப்பைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது என்ன?" என்று கேட்டார்.

"தண்ணி சார்" என்றார் மரியதாஸ், ஒரு தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு.

"இருக்க முடியாது. இங்கே தண்ணீர் தேங்காது என்று ஆணை இருக்கிறது. நானே கையொப்பம் இட்டேன்."

"அப்ப நீங்க எதுல சார் நிக்கறீங்க?"

"அதைத்தான் பரிசீலிக்க வேண்டும்" என்று கூறிய தேவநாதனின் ஒற்றைச் செருப்பு அவரைக் கடந்து மிதந்து போயிற்று.

கெட்டி நிலத்தில் வெள்ளம் நேர இயலாது. நேராத வெள்ளத்துக்கு நிவாரணம் வழங்கவும் இயலாது. வட்டம் முழுவதற்கும் அரிசியும் உதவியும் வந்தன. உப்பளத்தை ஒட்டிய குடியிருப்புக்கு மட்டும் வரவில்லை. சூரியகலா கண்ணாயிரத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"ஐயா, நீங்கதான கெட்டி நிலம்னு எழுதி வாங்கினீங்க. எங்க வூட்டுல கெட்டி நிலம் ஜன்னல் மட்டத்துக்கு நிக்குது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

கண்ணாயிரம் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் கூடத்தில் மாட்டியிருந்த ஆணையைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார். பிறகு நேரே மரியதாஸிடம் போனார். வாழ்நாளில் முதன்முறையாக, "உன் அச்சு அசல்ல நம்ம ஊரச் சேக்க முடியுமாப்பா? அதுல வண்டி முழுகுமே. முழுகிக் காட்டிட்டா ஆபீசரு வெள்ளம்னு ஒத்துக்குவாரு" என்று கேட்டார்.

இந்த ஒரு வாக்கியத்துக்காக மரியதாஸ் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். ஆயினும் அவரால் மகிழ முடியவில்லை. "கம்பெனிக்காரன் சேப்பான்யா. ஒரு ஊருக்கு மூணு வருஷம் எடுத்துக்குவான். ஒவ்வொரு ஓலையா எண்ணி வைப்பான். அதுவரைக்கும் வெள்ளம் நிக்குமா?"

மேல்முறையீடு செய்யப்பட்டது. அதன்மீது, அலுவலகத்தாரே ட்ரோன் கொண்டு வான்படம் எடுத்து, அதில் வெள்ளம் தெரியுமாயின் நிவாரணம் வழங்கலாம் என்று உத்தரவாயிற்று. ட்ரோனுக்கு அனுமதி கோரி எழுதப்பட்டது. அனுமதி வந்தது. வந்தபோது மாசி மாதம்.

வெள்ளம் வடிந்து, பாத்தி திருத்தி, உவர்நீர் பாய்ச்சி, அவ்வாண்டின் முதல் உப்பு படிந்து, வாருவதற்குத் தயாராகிப் பாத்திகள் முழுவதும் மல்லிகைபோல் வெளுத்திருந்த ஒரு காலையில் தேவநாதன் ட்ரோனோடு வந்து இறங்கினார்.

"வெள்ளத்தைக் காட்டுங்கள்" என்றார்.

"அது போயி மூணு மாசம் ஆவுது சார்" என்றாள் சூரியகலா.

"எனக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் படத்தில் தெரிய வேண்டும். இன்று எடுத்தால் உண்டு. நாளைக்கு ட்ரோனைக் கிளியனூருக்குக் கேட்டிருக்கிறார்கள். அங்கே வறட்சி."

எல்லோரும் கண்ணாயிரத்தைப் பார்த்தார்கள். சாலையோரமாக, படம் எடுக்கத் தோதாக இருந்தது அவருடைய உப்பளம்தான். கிணற்று மோட்டாரின் சாவியும் அவர் இடுப்பில்தான் இருந்தது. தண்ணீர் விட்டால் மதியத்துக்குள் கரை தொட நிற்கும். உப்பும் மதியத்துக்குள் இராது.

அருக்காணி தலையில் அடித்துக்கொள்ளவில்லை. "போன வருஷம் தண்ணி இல்லன்னு ஆடுனீங்க. இந்த வருஷம் தண்ணி இருக்குதுன்னு ஆடப்போறீங்க. எதுக்கும் அந்தப் பொம்பளைங்களுக்கு அரிசி வருதான்னு கேட்டுக்கினு ஆடுங்க" என்றாள்.

"வருமா சார்?"

"படத்தில் தெரிந்தால் வரும்."

கண்ணாயிரம் மோட்டாரைப் போட்டார். மரியதாஸ், மெய்ம்மைக்குக் குறை வரக்கூடாது என்று தாமாகவே பொறுப்பேற்றுக்கொண்டார். வரப்புகள் தெரியாமல் மறையும் வரையில் தண்ணீர் விடச் சொன்னார். கால்வாய்க் கரையில் கிடந்த ஒரு படகைத் தள்ளிக்கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார். உப்பளத்தின் ஓரத்தில் இருந்த ஓட்டு வீட்டுக் கூரைமேல் ஓர் ஆட்டை ஏற்றினார். "சிரிக்காதீங்கம்மா, நீங்கல்லாம் தவிச்சிக்கினு இருக்கீங்க" என்று அதட்டினார். அவரவர் புடவையை நனைத்துக்கொண்டு, மாசி வெயிலில் படகில் நெருக்கியடித்து உட்கார்ந்து தவித்தார்கள். ஆடு மட்டும் தவிக்க மறுத்து ஒரு முருங்கைக் கிளையைத் தின்றுகொண்டிருந்தது. ட்ரோன் மூன்று சுற்றுச் சுற்றியது. காலுக்கடியில் உப்பு கரைவதை யாரும் குனிந்து பார்க்கவில்லை. கண்ணாயிரம் பார்த்தார்.

அரிசி வந்தது. ஆளுக்கொரு போர்வையும் ஒரு லைஃப் ஜாக்கெட்டும் வந்தன. சூரியகலா அரிசி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்ணாயிரத்தைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தாள். அவ்வளவுதான். அது அவருக்கு மாலையைவிடக் கனமாக இருந்தது.

அன்று மாலை சரண்யா கம்ப்யூட்டர் சென்டரில் அந்தப் படம் திரையில் வந்தது. மேலிருந்து பார்க்கையில் உப்பளம் முழுவதும் நீலமாய், வானமே இறங்கிப் படுத்தாற்போல் பளபளத்தது. நடுவே ஒரு படகு, அதில் வண்ண வண்ணமாய் மனிதர்கள், ஓரத்தில் ஓர் ஆடு. கண்ணாயிரம் வெகுநேரம் பார்த்தார். மரியதாஸும் குல்லாயைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"பரப்பும் இருக்குது, அச்சு அசலாவும் இருக்குது" என்றார் மரியதாஸ். "ரெண்டும் ஒரே படத்துல இப்பதான்யா பாக்கறேன்."

கண்ணாயிரம் சரண்யாவின் பக்கம் திரும்பினார். "சரண்யாம்மா, போன தடவ போட்டது பழைய படம். இத அகண்டத்துக்கு அனுப்பிடு."

"சார், நல்லா யோசிச்சிதான் சொல்றீங்களா?"

"அனுப்பும்மா. ஆடு நல்லா விழுந்திருக்குது."

படம் அனுப்பப்பட்டது. கம்பெனியார் ஏற்றுக்கொண்டார்கள். வரைபட இணக்க அலுவலகத்தின் திரையிலும் அது தானாகவே வந்துசேர்ந்தது. தேவநாதன் கண்டார். பழைய கோப்பை எடுத்தார். கெட்டி நிலம் என்னும் வகைப்பாட்டை நீக்கி நீர்நிலை என்று மீண்டும் பதிந்தார். உப்பு ஆக்கிரமிப்பு இருக்கிறதா என்று படத்தை உற்றுநோக்கினார். ஒரு கல் உப்பும் தென்படவில்லை. உடனே இறுதி ஆணையை எழுதிக் கையொப்பமிட்டார்: 'நீர்நிலையில் இருந்த ஆக்கிரமிப்பை உரியவரே தாமாக முன்வந்து, பொதுமக்கள் முன்னிலையில், முழுவதும் கரைத்துவிட்டமையால், அவரது குடிமைப் பண்பு பாராட்டப்பட்டு, மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது.'

மரக்காணம் மு. கண்ணாயிரம் அவர்களின் உப்பு விவகாரம் இவ்வாறு, எவருக்கும் குறையின்றி, இரண்டாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் பதினெட்டாம் நாள் புதன்கிழமை முற்பகலில் இனிது முடிவுற்றது.